நிச்சயதார்த்தம் முடிந்ததும் கொடுக்கும் ‘நைட் க்ரீம்’: உள்ளே என்ன, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி நிறுத்துவது?

தாழம்பூ கேட்டது:

வணக்கம். சிறு ஊர்களில் அழகு நிலையம் நடத்தும் பெண்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுக்கப் போகிறேன். அவர்கள் வருமானத்தில் பெரும் பங்கு மணப்பெண் அலங்காரம். நிச்சயம் முடிந்த கையோடு பெண்ணை அழைத்துவந்து, “முகூர்த்தத்துக்கு மூணு மாசம் இருக்கு, கொஞ்சம் கலர் ஏத்தி விடுங்க” என்று கேட்கிற அம்மாக்களும் அத்தைகளும்தான் வாடிக்கையாளர்கள். பெயர் ஒட்டாத சின்ன டப்பாவில் வழித்துக் கொடுக்கும் ‘நைட் க்ரீம்’ இந்த இடத்தில்தான் உள்ளே நுழைகிறது.

“கெமிக்கல், கெடுதல்” என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் வகுப்பில் எடுபடாது. பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆவதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். அதனால் எனக்கு விவரமாக வேண்டும். டப்பாவில் இருப்பது என்ன? முதலில் பலன் தெரிவது ஏன், பிறகு கெடுவது ஏன்? லேபிளில் எதைப் பார்ப்பது? ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் பெண் எப்படி நிறுத்துவது? கிட்னி போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதில் உண்மை எவ்வளவு? கடைசியாக, அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

உரலும்குழவியும் (மருந்தாளுநர்) எழுதியது:

மேடம், பெயரில்லாத டப்பாவில் வருவது பெரும்பாலும் மூன்றில் ஒன்று, அல்லது மூன்றின் கலவை.

முதலாவது, ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட். பீட்டாமெத்தாசோன், மொமெட்டாசோன், குளோபெட்டாசால். அரிப்பு, எக்ஸிமா, சொரியாசிஸ் போன்றவற்றுக்காக வந்த மருந்துகள். மலிவு. சாதாரண மாய்ஸ்சரைசரோடு குழைத்துவிட்டால் வெள்ளையாக, மணமாக, வழுவழுப்பாக இருக்கும். பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

இரண்டாவது, மூன்று மருந்து ஒன்றாகச் சேர்ந்த ட்யூப்: ஹைட்ரோகுயினோன் 2%, டிரெட்டினாயின் 0.025%, மொமெட்டாசோன் 0.1%. மங்குக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் முறையான மருந்து இது. இதன் மூலச் சூத்திரம் 1975-ல் வந்தது. இதே மாதிரியான கூட்டு க்ரீமுக்கு அமெரிக்காவில் அனுமதி கொடுத்தபோது தினசரி உபயோகத்துக்கு வைத்த வரம்பு 8 வாரம். நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வருடக்கணக்கில் போடுகிறார்கள். மருந்து சரி, அளவும் சரி. காலக்கெடுவும் மேற்பார்வையும்தான் இல்லை.

மூன்றாவது, பாதரசம். இது பெரும்பாலும் வெளிநாட்டு டப்பாவாக வரும். அதைப் பற்றி விவரம் தெரிந்தவர் எழுதட்டும். அடையாளம் காணும் வழியை மட்டும் நான் சொல்கிறேன்.

ட்யூபாகக் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது இடது ஓரத்தில் செங்குத்தான சிவப்புக் கோடும் ‘ஆர்எக்ஸ்’ குறியும். இருந்தால் அது மருந்து, அழகு சாதனம் அல்ல. ஸ்டீராய்டு க்ரீம்களில் 14 வகைகளை மத்திய அரசு 2018 மார்ச்சில் ஷெட்யூல் ஹெச்-க்குள் முழுமையாகக் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பது குற்றம். சீட்டு இல்லாமலே எடுத்துக் கொடுக்கும் கடைகள் இன்றும் இருக்கின்றன. மருந்துக்கடைக்காரர்களான எங்கள் பக்கத்துத் தவறு அது, மறைக்க ஒன்றுமில்லை.

ட்யூபைத் திருப்பினால் மருந்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். ‘சோன்’, ‘சோலோன்’ என்று முடிந்தாலோ, ‘அசிட்டோனைடு’ என்று வால் இருந்தாலோ ஸ்டீராய்டு என்று எடுத்துக்கொள்ளலாம். ‘பெட்டாசால்’ என்று முடிவதும் அப்படியே. ‘கோனசோல்’ என்று முடிவது வேறு, அது பூஞ்சைக்கொல்லி. வகுப்பில் இந்த இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், ஏனென்றால் படர்தாமரை க்ரீம்கள் பலவற்றில் இரண்டும் ஒரே ட்யூபில் இருக்கும். ஆண்பிள்ளைகள் படர்தாமரைக்கு வாங்கி, “முகத்துக்கும் நல்லா இருக்கே” என்று தொடங்குவது இப்படித்தான்.

அழகு சாதனமாக விற்கும் டப்பா என்றால் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, தயாரித்தவரின் முழு முகவரி நான்கும் இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இந்திய இறக்குமதியாளரின் முகவரியும் கூடுதலாக இருக்க வேண்டும். இவை இல்லாத டப்பா எவ்வளவு அழகான அட்டைப் பெட்டியில் வந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். பாதரசத்தை லேபிளில் ஒப்புக்கொள்கிறவர் அபூர்வம். ஒப்புக்கொண்டால் மெர்க்யூரி, கேலோமெல், மெர்க்யூரஸ் குளோரைடு, அம்மோனியேட்டட் மெர்க்யூரி, மெர்க்யூரிக் அயோடைடு என்ற பெயர்களில் ஒன்று இருக்கும். ஒப்புக்கொள்ளாத டப்பாவும் ஒரு வரியில் மாட்டிக்கொள்ளும்: “தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்.” பாதரசம் தங்கத்தோடு சேர்ந்தால் தங்கம் வெளுத்துப்போகும். அதற்காகத்தான் அந்த எச்சரிக்கை. மோதிரத்தைக் கழற்றச் சொல்லும் க்ரீமை முகத்தில் போடக் கூடாது என்று சொன்னால் யாருக்கும் மறக்காது.

கடைசியாக ஒன்று. பார்லரில் ஸ்டீராய்டு ட்யூபைப் பிதுக்கி டப்பாவில் அடைத்து விற்பது, உரிமம் இல்லாமல் மருந்து விற்பது. 1940-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டத்தில் அதற்குச் சிறைத்தண்டனை உண்டு. “நான் வெறும் க்ரீம்தான் கொடுத்தேன்” என்ற வாதம் அங்கே நிற்காது.

மேல்தோல் (தோல் மருத்துவர்) எழுதியது:

பலன் தெரிவது பொய்யல்ல, அதை முதலில் ஒப்புக்கொண்டு வகுப்பைத் தொடங்குங்கள். ஸ்டீராய்டு தோலுக்கு அடியில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. முகம் வெளிறித் தெரியும். அழற்சியை அமுக்குகிறது, பரு அடங்கும். நிறமி உற்பத்தியையும் மட்டுப்படுத்துகிறது. மூன்றும் சேர்ந்து இரண்டு மூன்று வாரத்தில் “சிவப்பாயிட்டா” என்று சொல்ல வைக்கும்.

அதே வேளையில் உள்ளே தோல் மெலிந்துகொண்டிருக்கிறது. கொலாஜன் குறைகிறது. முகத்துத் தோல் மருந்தை உறிஞ்சும் அளவும் அதிகம்: ஹைட்ரோகார்டிசோனை வைத்துச் செய்த பழைய ஆய்வில் முன்கையைவிட நெற்றி சுமார் 6 மடங்கு உறிஞ்சியது. கண்ணிமை அதைவிட மெல்லியது. மாதக்கணக்கில் பூசினால் கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம். குளோபெட்டாசாலுக்கு உடம்பில் எங்கே போட்டாலும் தொடர்ச்சியாக 2 வாரம்தான் வரம்பு, முகத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஒன்றிரண்டு மாதத்தில் ஒரு இரவு க்ரீம் போடாவிட்டால் முகம் சிவந்து எரியும். வெயிலில் நின்றால் குத்தும். அதற்கப்புறம் கன்னத்தில் சிவப்பு நூல் போல நரம்புகள், ஒரே அளவில் பொடிப்பொடியாகப் பரு, தாடையில் முடி, வாயைச் சுற்றிச் சிவந்த தடிப்பு. ‘ஸ்டீராய்டால் கெட்ட முகம்’ என்று இதற்கு ஒரு நோய்ப்பெயரே இந்திய மருத்துவர்கள் 2008-ல் வைத்தார்கள். நாட்டின் பல மையங்களில் முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில் 433 பேர், அதாவது ஏறக்குறைய 15%, முகத்தில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தவர்கள்.

இப்போது உங்கள் மூன்று மாதக் கணக்குக்கு வருகிறேன். க்ரீமின் நல்ல முகம் தெரியும் காலமும் நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடையிலான காலமும் ஏறக்குறைய ஒன்று. கெடுதல் வெளியே தெரிவது கல்யாணத்துக்குப் பிறகு, புகுந்த வீட்டில், க்ரீம் தீர்ந்துபோன வாரத்தில். பார்லருக்குத் திரும்பி வருவது அழகான கல்யாண ஆல்பம்தான். எரியும் முகம் திரும்பி வருவதில்லை. அதனால்தான் க்ரீம் கொடுத்தவருக்கே அது தவறு என்று தெரிவதில்லை.

அதோடு, கல்யாணம் ஆன சில மாதங்களில் கர்ப்பம் தரிக்கும் பெண்கள் நிறைய. டிரெட்டினாயின் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டிய மருந்து. பூசிய ஹைட்ரோகுயினோனில் சுமார் 35 முதல் 45% வரை உடம்புக்குள் போகிறது, அதனால் அதையும் நிறுத்தச் சொல்வோம். பாதரசம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், தாய்ப்பாலிலும் போகும். கல்யாணத்துக்காகப் போட்ட க்ரீம் பிள்ளைவரை தொடர்வது இப்படி.

நிறுத்தும் முறை. இரண்டு மூன்று வாரத்துக்குள்தான் ஆகிறது என்றால் அப்படியே நிறுத்திவிடலாம். மாதக்கணக்கில் போட்டவர் தானாக நிறுத்தினால் சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் முகம் சிவந்து, வீங்கி, பொடிப் பருக்கள் கொப்புளிக்கும். அதைப் பார்த்துப் பயந்து, “அந்த க்ரீம் போட்டாத்தான் என் முகம் நல்லா இருக்கு” என்று மறுபடியும் ஆரம்பிப்பதுதான் பொறி. பொதுவாக நாங்கள் வீரியமான ஸ்டீராய்டை நிறுத்தி, ஹைட்ரோகார்டிசோன் 1%-க்கு மாற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் இருமுறை என்று இறக்குவோம். கூடவே ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் 0.03% அல்லது 0.1%. முதல் வாரம் டாக்ரோலிமஸ் எரியும் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே தூக்கி எறிந்துவிடுவார்கள். பரு அதிகமென்றால் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுப்போம், கர்ப்பிணிக்குக் கிடையாது. வீட்டில் செய்யக்கூடியது: குளிர்ந்த நீரில் நனைத்த துணி, மணமில்லாத மாய்ஸ்சரைசர், ஜிங்க் ஆக்ஸைடு சன்ஸ்க்ரீன். எலுமிச்சை, தக்காளி, பேக்கிங் சோடா எதுவும் கிட்டே வரக் கூடாது. சரியாக வாரங்கள் ஆகலாம், நீண்டகாலம் போட்டவருக்கு மாதங்கள் ஆகலாம்.

ஹைட்ரோகுயினோனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மூன்று நான்கு மாதத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் போட்டால், கன்னத்து எலும்பின் மேல் நீலம் கலந்த கறுப்புப் புள்ளிகள் வரலாம். ஆக்ரனோசிஸ் என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் 1970-களில் இதைப் பெருவாரியாகப் பார்த்துத்தான் 1990-ல் அந்த நாடு சருமம் வெளுக்கும் பொருட்களுக்குத் தடை போட்டது. இங்கே நடக்கும் விபரீதம் என்னவென்றால், அந்தக் கறுப்பை மங்கு என்று நினைத்து அதே க்ரீமை இன்னும் கனமாகப் பூசுகிறார்கள். ஆக்ரனோசிஸுக்கு நல்ல வைத்தியம் இல்லை. இன்னொரு சின்ன விஷயம்: ட்யூபில் க்ரீம் பழுப்பாகிவிட்டால் மருந்து கெட்டுவிட்டது, போட வேண்டாம்.

குளுடாதயோன் ஊசியும் கேட்பார்கள், ‘ட்ரிப்’ என்று. வெளுப்பதற்காக அதை நரம்பில் ஏற்ற அனுமதி கிடையாது. பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே தோல் உரியும் கடும் நோய், சிறுநீரகக் கோளாறு என்று எச்சரிக்கை விட்டது. பார்லரில் ஊசி என்பதே கூடாது, உள்ளே எது இருந்தாலும்.

நீரகம் (சிறுநீரகப் பிரிவு) எழுதியது:

வாட்ஸ்அப் கதைக்குப் பின்னால் உண்மையான ஆய்வு இருக்கிறது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கலில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி என்ற சிறுநீரக வடிகட்டி நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு நெல்-1 என்ற அபூர்வமான வகை. அந்த 15 பேரில் 13 பேர் சரும வெளுப்பு க்ரீம் போட்டதை ஒப்புக்கொண்டார்கள். ஒருவருக்கு மூளையின் ரத்த நாளத்தில் ரத்தம் உறைந்தது. ஆனால் யாருக்கும் சிறுநீரகம் வேலை செய்யும் திறன் அப்போது கெடவில்லை. எனவே “கிட்னி போய்விடும்” என்பதைவிட, “கிட்னியிலிருந்து புரதம் ஒழுகும், சீக்கிரம் கண்டுபிடித்து க்ரீமை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும்” என்பதே சரியான வாக்கியம். மிகைப்படுத்தினால் ஒரு தெருவில் நான்கு பேர் நன்றாக இருப்பதைக் காட்டி நம்பாமல் போய்விடுவார்கள்.

மருத்துவர்கள் 2022-ல் இதே நெல்-1 வகையைப் பாதரசம் சேர்ந்த நாட்டு மருந்துகளோடு தொடர்புபடுத்தி எழுதியிருக்கிறார்கள். பூசினாலும் விழுங்கினாலும் பாதரசம் பாதரசம்தான். டாக்டர் கேட்கும்போது இரண்டையும் சொல்ல வேண்டும்.

ஏன் வெளுக்கிறது? மெலனின் உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதிக்குத் தாமிரம் வேண்டும். அந்த இடத்தைப் பாதரசம் பிடித்துக்கொண்டு நொதியை முடக்குகிறது.

அளவைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். இந்தியாவில் 2020-ம் ஆண்டு அழகு சாதன விதிகளின்படி, கண்ணுக்குப் போடும் பொருள் தவிர மற்றவற்றில் தற்செயலாகக் கலந்த பாதரசம் 1 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது, அதாவது கிலோவுக்கு 1 மில்லிகிராம். 20 கிராம் டப்பாவில் அது 0.02 மில்லிகிராம். வேண்டுமென்றே 1% கலந்த டப்பாவில் 200 மில்லிகிராம். பத்தாயிரம் மடங்கு. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023-ல் கூடி, அந்த 1 பி.பி.எம். சலுகையையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகு சாதனம் எதையும் 2025-க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாது என்று முடிவெடுத்தன.

அறிகுறிகள்: காலையில் சிறுநீரில் நுரை, அடங்காமல் நிற்கும் நுரை. கண்ணைச் சுற்றி வீக்கம், மாலையில் கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழும் வீக்கம். கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், விரல் நுனியில் மதமதப்பு. கல்யாண வேலையில் “அலைச்சல், டென்ஷன்” என்று இவை தள்ளிப்போகும். சந்தேகம் வந்தால் சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை போதும், எந்தச் சிறிய ஊரிலும் செய்யலாம். புரதம் தெரிந்தால் சிறுநீரக மருத்துவரிடம் டப்பாவோடு போக வேண்டும். க்ரீமில் வரும் பாதரச வகையின் அளவைப் பார்க்கச் சிறுநீர்தான் பொருத்தம். ரத்தத்தில் பார்த்தால் மீன் சாப்பிட்டதும் சேர்ந்து கணக்கில் வரும்.

பாதரச க்ரீமுக்குப் படிப்படி கிடையாது, அன்றே நிறுத்த வேண்டும். உடம்பில் சேர்ந்தது பாதியாகக் குறையவே சுமார் 2 மாதம் ஆகும். தலையணை உறை, துண்டு, சீப்பு எல்லாவற்றிலும் ஒட்டும், அங்கிருந்து ஆவியாகும். க்ரீமைத் தொடாத கைக்குழந்தைக்கும் ஏறும். அந்தத் துணிகளைத் துவைத்து மறுபடி உபயோகிப்பதைவிடக் கழித்துவிடுவது நல்லது.

தாழம்பூ எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். டப்பாவில் ஸ்டீராய்டா பாதரசமா என்றே தெரியாதபோது, ஒருவர் படிப்படியாக நிறுத்தச் சொல்கிறார், ஒருவர் அன்றே நிறுத்தச் சொல்கிறார். எதைச் செய்வது? இரண்டாவது, முகூர்த்தத்துக்கு 20 நாள்தான் இருக்கிறது, ஆறு மாதமாகப் போடுகிறாள் என்றால்?

மேல்தோல் எழுதியது:

தெரியாத டப்பாவை அன்றே நிறுத்துங்கள். ஸ்டீராய்டு தேவைப்பட்டால் பெயரும் அளவும் தெரிந்த மெல்லிய ஸ்டீராய்டை டாக்டர் எழுதிக்கொடுத்துப் படிப்படியாக இறக்குவார். படிப்படியாகக் குறைக்க வேண்டியது மருந்தை. அந்த டப்பாவை அல்ல.

20 நாள் என்றால் அந்த வாரமே தோல் மருத்துவரிடம் போக வேண்டும், தேதியையும் சொல்ல வேண்டும். மேற்பார்வையோடு இறக்கினால் சிவப்பு ஓரளவு கட்டுக்குள் இருக்கும். இருக்கவே இருக்காது என்று யாரும் உறுதி தர முடியாது. அதைப் பெண்ணிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

எதிர்பார்ப்புக்கு ஒரு அளவுகோலும் வகுப்பில் காட்டுங்கள். மேற்கையின் உட்புறம், வெயில் படாத இடம், அதுதான் ஒருவருடைய சொந்த நிறம். முகம் அதைவிடக் கறுத்திருந்தால் அந்த வித்தியாசத்தைக் குறைக்கலாம். அந்தச் சொந்த நிறத்தைவிட வெளுக்க ஆரோக்கியமான வழி எதுவும் கிடையாது. நிறமி செல்களின் எண்ணிக்கை கறுப்பானவருக்கும் சிவப்பானவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை உண்டாக்கும் நிறமியின் வகையிலும் அளவிலும்தான் வேறுபாடு, அது பிறப்பிலேயே வருவது.

வித்தியாசத்துக்குக் காரணம் பல நேரம் வேறு எங்கோ இருக்கும். கழுத்தின் பின்புறம் வெல்வெட் போலத் தடித்த கறுப்பு அழுக்கு அல்ல, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். தேய்க்காமல் சர்க்கரையைப் பாருங்கள். நெற்றி ஓரமும் காதோரமும் மட்டும் கறுத்தால் தலைச்சாயத்தைச் சந்தேகியுங்கள். முதுகிலும் கையிலும் வரி வரியாகக் கறுத்தால் நைலான் நாரை நிறுத்துங்கள். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் போனால் கொப்புளம் வந்து அதே இடம் இன்னும் கறுக்கும்.

மங்குக்கும் பருத் தழும்புக்கும் மூன்று மாதத்தில் செய்யக்கூடியது: காலையில் சன்ஸ்க்ரீன், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. மங்கு இருப்பவருக்கு அயர்ன் ஆக்ஸைடு சேர்ந்த, தோல் நிறமான சன்ஸ்க்ரீன் கூடுதல் நல்லது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைத் தூண்டும். இரவில் அசெலாயிக் ஆசிட் 15 அல்லது 20%. கர்ப்பத்திலும் போடலாம். நியாசினமைடு 4, 5% சேர்ந்தது எரிச்சல் குறைவு. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும், அதனால் நிச்சயத்தன்றே ஆரம்பிக்க வேண்டும்.

பவளமல்லி (மணப்பெண் அலங்காரம்) எழுதியது:

தாழம்பூ அக்கா, கடைசிக் கேள்வி எங்கள் தொழிலுக்குரியது, நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு பழக்கம். வாக்ஸிங், த்ரெடிங், ஃபேஷியல் எதற்கும் கை வைக்கும் முன் “ராத்திரி என்ன க்ரீம் போடுறீங்க, எத்தனை நாளா?” என்று கேட்டு நோட்டில் எழுத வேண்டும். ஸ்டீராய்டோ டிரெட்டினாயினோ போட்ட முகத்தில் வாக்ஸ் இழுத்தால் முடியோடு தோலும் வரும். டிரெட்டினாயினை ஒரு வாரமாவது முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். ப்ளீச் தோலை வெளுப்பதில்லை, முகத்துப் பூனைமுடியை வெளுக்கிறது. அதனால் வரும் பளிச்சைத்தான் நிறம் என்று நினைக்கிறார்கள். காதுக்குப் பின்னால் தடவி 24 மணி நேரம் பார்க்காமல் போட வேண்டாம், முகூர்த்தத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் புதிதாக எதுவுமே வேண்டாம்.

“ரெண்டு ஷேடு ஏத்திப் போடு” என்பதற்குப் பதில் வாயால் சொல்வதைவிட ஒத்திகையில் காட்டுவது எளிது. ஒரு கன்னத்தில் அவர்கள் கேட்ட வெளிர் ஃபவுண்டேஷன், மறு கன்னத்தில் தாடை ஓரத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பொருத்திய நிறம். மணிக்கட்டில் பொருத்தக் கூடாது, கழுத்தோடு ஒட்டாது. இரண்டையும் மண்டபத்து வெளிச்சம் போன்ற வெள்ளை எல்.இ.டி.யிலும், ஃப்ளாஷ் போட்டும் போட்டோ எடுங்கள். வெளிர் கன்னம் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும், கழுத்து தனியாகத் தெரியும். மறு கன்னத்தில் பெண் பெண்ணாக இருப்பாள். போட்டோவை அம்மா கையில் கொடுங்கள், பேச்சு தானாக நிற்கும். மஞ்சள் சாயல் உள்ள தோலுக்கு இளஞ்சிவப்புச் சாயல் ஃபவுண்டேஷன்தான் பெரும்பாலும் இந்தச் சாம்பலுக்குக் காரணம். டைட்டானியம், ஜிங்க் அதிகமுள்ள பொருளும் ஃப்ளாஷில் வெள்ளையடிக்கும்.

அம்மாக்களைக் குற்றவாளி ஆக்காதீர்கள். ஜாதகத்தோடு போட்டோ போனதும் “பொண்ணு கலர் எப்படி?” என்று எதிர்ப்பக்கம் கேட்டதை அவர்கள் வாங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். நம் பேச்சில் சிவப்பு என்றால் வெளுப்பு, கலராக இருக்கிறாள் என்றாலும் வெளுப்பு. மாநிறம் என்ற நல்ல சொல்லைக்கூட வரன் குறிப்பில் ஒரு சமாதானமாகத்தான் எழுதுகிறோம். “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்று பாராட்டாகச் சொல்கிறார்களே, அந்த ‘இருந்தாலும்’தான் பெண்ணைக் குத்துகிறது. “கறுப்பே அழகு, காந்தலே ருசி” என்ற பழமொழியும் நம்முடையதுதான். வரன் பார்க்கும்போது மட்டும் நினைவுக்கு வருவதில்லை.

வெளியே கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. சென்னையில் 2009-ல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் தொடங்கியது. கறுத்த நிறத்தவரைத் தாழ்வாக, வாய்ப்பிழந்தவராகக் காட்டும் விளம்பரம் கூடாது என்று விளம்பரத் தர மன்றம் 2014-ல் விதி வகுத்தது. 1975 முதல் விற்ற ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. அதே ஆண்டு ஷாதி.காம் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்தது. பெயரும் வசதியும் மாறிய அளவுக்குக் கேள்வி மாறவில்லை, ஆனால் பார்லர்காரி “முன்னெல்லாம் விளம்பரத்திலேயே சொன்னாங்க, இப்ப அதுக்கே தடை” என்று சொல்ல ஒரு பிடி கிடைத்திருக்கிறது. நான் சொல்லிக்கொடுக்கும் வாக்கியம் இது: “அம்மா, நிறம் ஏத்துற மருந்து என்கிட்ட இல்லை. மங்கு, தழும்பு, டேன் குறைக்க மூணு மாசம் போதும், பொண்ணு பொண்ணாவே அழகா இருப்பா. அந்த டப்பா வேணும்னா வேற இடம் பாருங்க.” வாடிக்கையாளர் ஒருவர் போகலாம். மூன்று மாதத்துக்கான சருமப் பராமரிப்பை ஒரு தொகையாகச் சேர்த்துப் பேசினால் வருமானமும் குறையாது.

இந்தப் பேச்சு பெண் இருக்கும்போது நடக்க வேண்டாம். தன் முகத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேரம் பேசுவதை அவள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

தாழம்பூ எழுதியது:

எரிந்த இடத்தில் மருந்து போட்ட மாதிரி இருந்தது பவளமல்லி. இன்னும் ஒன்றே ஒன்று. வகுப்புக்கு வரும்போது தங்களிடம் உள்ள டப்பாக்களைக் கொண்டுவரச் சொல்லலாமா? வாங்கி என்ன செய்வது?

நீரகம் எழுதியது:

கொண்டுவரச் சொல்லலாம், ஆனால் வகுப்பில் மூடியைத் திறக்கக் கூடாது, முகர்ந்து பார்க்கக் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, எங்கே வாங்கியது, எவ்வளவு நாள் உபயோகித்தது என்று சீட்டில் எழுதி ஒட்டுங்கள். கழுவி ஊற்றினால் பாதரசம் சாக்கடைக்குப் போகும், குப்பையோடு கொளுத்தினால் ஆவியாக மூக்குக்கு வரும், இரண்டும் வேண்டாம். ஒரு கனமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட மருந்துகள் ஆய்வாளர் அலுவலகத்தில் ஒப்படைத்து, கொடுத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

உரலும்குழவியும் எழுதியது:

முன்கூட்டியே ஆய்வாளருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள் மேடம், இல்லாவிட்டால் டப்பாக்களோடு நிற்கும் நீங்கள்தான் விற்பனையாளர் என்று ஆகிவிடும். க்ரீமால் பாதிக்கப்பட்டவர் யாராவது இருந்தால் மருந்துப் பக்கவிளைவு பதிவு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-ல் தெரிவிக்கலாம். நோயாளியே பேசலாம், டாக்டர் மூலம்தான் என்றில்லை. பேசும்போது ட்யூபில் உள்ள பேட்ச் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.